விமானச் சண்டை கேம்: புதியவர்களுக்கான டிப்ஸ் வந்த கதை

அக்கவுன்டன்சி, ஆடிட்டிங் என்று போரடித்தது போதும், இந்த முறை வேறு சப்ஜெக்ட். கேம் பற்றியது, ஆனால் உண்மையில் சரித்திரம்.

வார் தண்டர் மாதிரி விமானச் சண்டை கேம் ஆடுகிறவர்கள் நம்ம செட்டில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வரி விளக்கம்: இரண்டு டீம், ஆளுக்கு ஒரு விமானம், இன்டர்நெட் வழியாக எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து ஆடுவது. இரண்டாம் உலகப் போர் விமானங்கள்தான் அதில் பிரபலம். ரியலிஸ்டிக் மோடில் ஒரு மேட்ச்சுக்கு ஒரே விமானம். விழுந்தால் அவுட், மேட்ச் முடியும் வரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

புதிதாக வருகிறவன் முதல் இருபது மேட்ச்சில் இரண்டு நிமிடம்கூடத் தாங்க மாட்டான். கூட ஆடும் சீனியர்கள் வாய்ஸ் சாட்டில் அவனைத் திட்டுகிற திட்டை இங்கே டைப் செய்ய முடியாது. "நூப்" என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையான வார்த்தை. அதன் பிறகு யாராவது இரக்கப்பட்டு டிப்ஸ் சொல்வார்கள். உயரத்தில் இரு. ஜோடியை விட்டுப் போகாதே. துரத்திக்கொண்டே கீழே இறங்காதே. கிட்டே போய்ச் சுடு. எல்லாரும் ஒருத்தன் மேலேயே பாயாதீர்கள்.

இந்த டிப்ஸை எல்லாம் கேம் ஆடுகிறவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, 19, 20, 25 வயதுப் பையன்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய பாடங்கள் இவை. அதில் நம்ம சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய படைப்பிரிவுகளும் உண்டு. அந்தக் கதைதான் இது.

1916: முதல் டிப்ஸ் லிஸ்ட்

முதல் உலகப் போர் ஆரம்பித்த 1914ல் விமானம் என்பது வேவு பார்க்கும் வாகனம் மட்டுமே. அடுத்த ஒரு வருடத்தில் மெஷின் கன் மாட்டினார்கள், சண்டை ஆரம்பித்தது. ஆனால் எப்படிச் சண்டை போடுவது என்று யாருக்கும் தெரியாது. பாடப் புத்தகமும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது.

முதலில் எழுதி வைத்தவர் ஓஸ்வால்ட் போல்க்கே என்ற ஜெர்மன் விமானி. அப்பா பள்ளி ஆசிரியர். மகனுக்கும் அந்தப் புத்தி இருந்தது போல. 1916ல் எட்டு விதிகள் எழுதினார். "டிக்டா போல்க்கே" என்று இன்றும் சொல்கிறார்கள். சுருக்கமாக என் வார்த்தையில்:

தாக்குவதற்கு முன்பே உனக்குச் சாதகமான நிலையைப் பிடித்துக்கொள், முடிந்தால் சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஆரம்பித்த தாக்குதலைப் பாதியில் விடாதே. கிட்டே போய், எதிரி சரியாகக் குறியில் விழுந்த பிறகே சுடு. எதிரி மேலிருந்து கண்ணை எடுக்காதே, விழுவது மாதிரி நடித்தாலும் நம்பாதே. பின்னாலிருந்து தாக்கு. உன் மேல் ஒருவன் பாய்ந்து வந்தால் ஓடாதே, அவனை நோக்கித் திரும்பு. எதிரி எல்லைக்குள் இருக்கும்போது திரும்பும் வழியை மறக்காதே. நாலு பேர், ஆறு பேராகச் சேர்ந்து போ. சண்டை தனித்தனியாகப் பிரிந்தால் பல பேர் ஒரே எதிரியைத் துரத்தாதீர்கள்.

இன்று எந்த விமானச் சண்டை கேமுக்கும் டிப்ஸ் எழுதினாலும் இதைத்தான் திருப்பி எழுத வேண்டும். நூறு வருடத்தில் எட்டில் ஒன்றுகூடப் பழசாகவில்லை.

லிஸ்ட் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1916ல் யாஸ்டா 2 என்ற புதுப் பிரிவுக்குத் தலைவரானபோது, கையில் போதிய விமானம் இல்லை, வந்தவர்கள் எல்லாம் புதுசு. பிரிவை உடனே சண்டைக்கு அழைத்துப் போகாமல், தான் தனியாகப் பறந்து போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்து, நடந்ததைப் பையன்களுக்குப் பாடமாகச் சொன்னார். அந்தப் பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் "ரெட் பேரன்" என்று உலகமே தெரிந்துகொண்ட மான்ஃப்ரெட் ஃபான் ரிஷ்ட்ஹோஃபன்.

1916 அக்டோபர் 28. போல்க்கேயும் அவருடைய நண்பர் எர்வின் போமேயும் ஒரே பிரிட்டிஷ் விமானத்தைத் துரத்துகிறார்கள். குறுக்கே இன்னொரு விமானம் வர, ஒதுங்கும்போது போமேயின் சக்கரம் போல்க்கேயின் மேல் இறக்கையில் உரசியது. இறக்கை பிய்ந்தது. போல்க்கே இறந்தார். வயது 25. எட்டு விதியில் கடைசி விதி எதுவோ, அதை எழுதியவரே அது மீறப்பட்ட இடத்தில் செத்துப் போனார்.

கேமில் இது தினமும் நடக்கிறது. ஒரு எதிரி அடிபட்டுப் புகை விட்டால் போதும், நம் டீமில் நாலு பேர் அவன் பின்னால். "கில்" யாருக்கு என்று போட்டி. இரண்டு பேர் முட்டிக்கொண்டு விழுவார்கள், மீதி எதிரிகள் நிம்மதியாக மேலே ஏறுவார்கள். டிப்ஸ் ஒன்று: ஒருவனுக்கு ஒருவர் போதும். மற்றவர்கள் சுற்றிலும் பாருங்கள்.

1918: பத்து நாளில் மூன்று பேர்

பிரிட்டிஷ் பக்கம் வருவோம். எட்வர்ட் மேனக் என்பவர் 40ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தார். 61 விமானங்கள் அவர் கணக்கில் இருந்தாலும், அவர் பெயர் நிலைத்தது புதியவர்களைப் பார்த்துக்கொண்ட விதத்தில்தான். எப்போதும் எதிரிக்கு மேலே இரு, கீழே மட்டும் மாட்டிக்கொள்ளாதே என்பது அவர் ஓயாமல் சொன்ன பாடம். புதுப் பையனை அழைத்துப் போய் எதிரியைத் தானே பாதி அடித்துவிட்டு, மீதியை அவனிடம் விடுவார். பயம் தெளியட்டும் என்று.

அவரிடம் கற்றவர் ஜார்ஜ் மெக்எல்ராய். மெக்எல்ராயின் கீழ் 1918 ஜூனில் வந்து சேர்ந்தவர் நம்மவர்: கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய். 1917 டிசம்பரில் வேறு ஸ்குவாட்ரனில் இருந்தபோது விமானம் விழுந்து அடிபட்டு, பறக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர். விடாமல் போராடி, மறுபடி பயிற்சி எடுத்து வந்தார். மெக்எல்ராயின் பக்கத்தில் பறந்த அவர் ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில் 10 வெற்றி பெற்றார். அதே ஆள், அதே கை கால். ஏழு மாதத்துக்கு முன் ஒதுக்கப்பட்டவருக்கு இப்போது பக்கத்தில் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தார். நான் இதை அப்படித்தான் படிக்கிறேன்.

ஜூலை 22 அன்று ராய் சண்டையில் விழுந்து இறந்தார். வயது 19. நம்ம கிளாஸில் முதல் வருடப் பையன்களின் வயசு. டி.எஃப்.சி. என்ற பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர், இறந்த பிறகு.

நாலு நாள் கழித்து, ஜூலை 26. மேனக், டொனால்ட் இங்லிஸ் என்ற புதியவரை அழைத்துக்கொண்டு போனார். இருவரும் சேர்ந்து ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார்கள். அது விழுவதைப் பார்க்க மேனக் மிகத் தாழ்வாக இறங்கினார். செய்யாதே என்று எல்லாருக்கும் அவர் சொன்ன காரியம் அது. தரையிலிருந்து வந்த குண்டு பட்டு விமானம் தீப்பிடித்தது. இங்லிஸ் எப்படியோ தன் பக்க எல்லைக்குள் இறங்கிப் பிழைத்தார். ஜூலை 31 அன்று மெக்எல்ராயும் திரும்பவில்லை.

வாத்தியார், வாத்தியாரின் சிஷ்யர், சிஷ்யரின் சிஷ்யர். பத்து நாளில் மூன்று பேரும் இல்லை.

டிப்ஸ் இரண்டு: விழுகிறவனைத் துரத்திக்கொண்டு கீழே போகாதே. கேமில் காரணம் இன்னும் எளிது. காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். உயரம் என்பது பேங்கில் போட்ட டெபாசிட். வேகம் என்பது கையில் இருக்கும் ரொக்கம். மூக்கைக் கீழே இறக்கினால் டெபாசிட் ரொக்கமாகிறது. மேலே ஏறினால் ரொக்கம் டெபாசிட் ஆகிறது. வளைந்து வளைந்து திரும்பினால் வெறும் செலவு. ஒருத்தனைத் துரத்தித் தரை வரை போனவன் இரண்டையும் தீர்த்துவிட்டு நிற்கிறான். மேலே ஒருவன் பணக்காரனாகக் காத்திருப்பான். 1960களில் அமெரிக்க விமானி ஜான் பாய்ட் இதையே கணக்குச் சூத்திரமாக எழுதினார். புது விமானங்களின் டிசைனே அதனால் மாறியது.

அதனால் மேட்ச் ஆரம்பித்தவுடன் நேராக எதிரி பக்கம் ஓடாதீர்கள். முதல் சில நிமிடங்கள் ஏறுங்கள். போரடிக்கும்தான். சேமிப்பு என்றாலே போர்தானே.

1940: மெட்ராஸ் பிரசிடென்சி

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். விமானப் போருக்கும் வேலூர், ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கே தோல்தானே உண்டு, மிஞ்சினால் பிரியாணி. முதல் உலகப் போரிலேயே சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோலை, பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்காக அரசாங்கமே வாங்கிக்கொண்டது. நம் ஊர் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிற்கும் அஸ்திவாரத்தில் அந்தத் தொழிலுக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் போர் நிதி வசூலித்தார்கள். இந்தியாவின் மாகாணங்களும் சமஸ்தானங்களும் விமானம் வாங்கப் பணம் அனுப்பின. அதற்கு மரியாதையாகப் பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு "மெட்ராஸ் பிரசிடென்சி" என்று பெயர் சேர்த்தார்கள்: 79, 234, 264. அப்போது வேலூரும் ஆம்பூரும் அந்த மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டம். கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்களா, கலெக்டருக்குப் பயந்து கொடுத்தார்களா என்பது வேறு விவாதம். நாட்டில் சுதந்திரப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் மாகாணத்தின் பெயர் அந்த விமானப் பிரிவுகளோடு ஒட்டிக்கொண்டது உண்மை.

முதலில் 264. இவர்களிடம் இருந்தது டிஃபையன்ட் என்ற விசித்திர விமானம். விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டு, அதில் ஒரு கன்னர், நாலு மெஷின் கன். முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. இரண்டு பேர் ஒத்துழைத்தால்தான் ஒரு விமானம். தலைவர் ஃபிலிப் ஹன்டர் இதற்கென்றே ஒரு முறை வகுத்தார். எதிரி வந்தால் எல்லாரும் வட்டமாகச் சுற்றி, ஒருவர் வாலை அடுத்தவர் காப்பது. 1940 மே 29 அன்று டன்கிர்க் மேலே ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு எழுதினார்கள்.

பின்னாளில் ஜெர்மன் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது உண்மை அதில் பாதிகூட இல்லை. பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை நாலு கன்னர்கள் சுட்டு, நாலு பேரும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஆடிட் செய்யாத கணக்கு இப்படித்தான் இருக்கும். :-)

ஆனால் எதிரி கற்றுக்கொண்டான். இது முன்னால் சுடாது என்று தெரிந்ததும் நேர் முன்னாலிருந்தும் அடியிலிருந்தும் வந்தார்கள். ஜூலை 19 அன்று 141ஆம் ஸ்குவாட்ரனின் ஒன்பது டிஃபையன்ட்களில் பெரும்பாலானவை திரும்பவில்லை. ஆகஸ்ட் 24 முதல் 28 வரை 264க்கும் அதே கதி. ஹன்டர் ஆகஸ்ட் 24 அன்று காணாமல் போனார். கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னது: ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தைக் கடல் பக்கம் துரத்திக்கொண்டு போனார். மறுபடியும் துரத்தல்! அதன் பிறகு பகல் சண்டையிலிருந்து டிஃபையன்டை எடுத்து இரவுக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டிப்ஸ் மூன்று: உன் விமானம் எதற்குச் செய்யப்பட்டதோ அந்தச் சண்டையை மட்டும் போடு. வேகமாக ஏறுகிற விமானத்தை எடுத்துக்கொண்டு வளைந்து திரும்புகிறவனோடு சுற்றாதே. நேற்று ஜெயித்த வித்தையை எதிரி இன்று கற்றிருப்பான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாப் டோ என்ற நூப்

234ஆம் ஸ்குவாட்ரன், ஸ்பிட்ஃபயர் விமானங்கள். 1940 ஆகஸ்ட் 14ல் மிடில் வாலப் தளத்துக்கு வந்தார்கள். அடுத்த நாளே முதல் பெரிய சண்டை. அதில் ஒருவர் பாப் டோ, வயது 20. ஸ்குவாட்ரனிலேயே மட்டமான விமானி நான்தான், இன்று சாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பியதாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

அன்றைய பிரிட்டிஷ் முறையில் மூன்று மூன்று விமானமாக, இறக்கை உரசுகிற நெருக்கத்தில் பறக்க வேண்டும். அணிவகுப்பில் பார்க்க அழகு. ஆனால் பக்கத்து விமானத்தில் மோதாமல் இருப்பதிலேயே இரண்டு பேரின் கண்ணும் கவனமும் போய்விடும். எதிரியைத் தேடுவது தலைவர் ஒருவர்தான். சூரியன் பக்கமும் எதிர்ப்பக்கமுமாக ரோந்து போனார்கள். ஒரு முறை திரும்பியபோது, பின்னால் வந்த மூன்று விமானங்களைக் காணவில்லை. எப்போது போனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

இதே காலத்தில் ஜெர்மானியர்கள் வேறு மாதிரி பறந்தார்கள். 1938ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வெர்னர் மோல்டர்ஸ் போன்றவர்கள் பழகிய முறை. இரண்டு பேர் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி ஒரு அணி. கையை விரித்தால் நாலு விரல் நுனி இருக்குமே, அப்படி. நடுவில் தாராளமாக இடைவெளி. ஒருவர் தாக்குவார், ஜோடி அவர் வாலைக் காப்பார். நாலு ஜோடிக் கண்ணும் எதிரியைத் தேடும். பிரிட்டிஷ்காரர்கள் இதை ஏற்றுக்கொள்ள நிறையப் பேரை இழக்க வேண்டியிருந்தது. 1941க்குப் பிறகுதான் நாலு விரல் அணி அவர்களிடமும் பரவியது.

டிப்ஸ் நாலு: ஜோடி சேர். ஆனால் ஒட்டிக்கொண்டு பறக்காதே. உன் ஜோடியின் வால் உன் கண்ணில் படும் தூரம் போதும்.

டோ அன்று சாகவில்லை. இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்திவிட்டுத் திரும்பினார். ஆனால் அதிர்ஷ்டத்தில்தான் பிழைத்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அன்று இரவு படுக்கையில் படுத்தபடி யோசித்துத் தனக்கான விதிகளை வகுத்துக்கொண்டார். பின்னாலிருந்து குண்டு வருவது தெரிந்தால் யோசிக்காதே, உடனே ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கை இறக்கு. சூரியனைப் பயன்படுத்து. நெருங்கிச் சுடு. இப்படி.

நெருங்கிச் சுடுவதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரில் துப்பாக்கிகள் இறக்கையில் இருக்கும். எல்லாக் குண்டுகளும் ஒரே புள்ளியில் சேரும் தூரத்தை முன்கூட்டியே செட் செய்ய வேண்டும். முதலில் 400 கஜம் என்று வைத்திருந்தார்கள். சண்டை பார்த்த விமானிகள் 250 கஜம் போதும் என்று மாற்றினார்கள். கேமிலும் இந்த செட்டிங் இருக்கிறது, புதியவர்கள் அதைத் தொடுவதே இல்லை. டிப்ஸ் ஐந்து: அந்தத் தூரத்தைக் குறைத்து வை, அதற்குள் போன பிறகே ட்ரிகரைத் தொடு. அரை கிலோமீட்டரிலிருந்து தெளித்தால் உனக்குக் குண்டு தீரும், அவனுக்கு உன் இடம் தெரியும்.

செப்டம்பர் 7 அன்று 234ன் தலைவர் ஓ'பிரையனும், அதன் சிறந்த விமானியான ஆஸ்திரேலியர் பாட்டர்சன் ஹியூஸும் ஒரே நாளில் இறந்தார்கள். சில நாளில் அந்தப் பிரிவையே ஓய்வுக்கு அனுப்பினார்கள். தன்னை மட்டம் என்று நினைத்த டோ, அந்தப் போரில் அதிக வெற்றி பெற்ற விமானிகளில் ஒருவராக முடிந்தார். அவரிடம் இருந்த திறமை முதல் நாளும் இருந்திருக்கும். இல்லாதது சொல்லிக் கொடுக்கிற ஆள். அதே நாளில் காணாமல் போன அந்த மூவருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.

டோ கதையில் இன்னொரு பகுதி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1944ல் இந்திய விமானப்படையின் 10ஆம் ஸ்குவாட்ரனைப் புதிதாக உருவாக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஹரிக்கேன் விமானங்களோடு இந்தியப் பையன்களைப் பழக்கி பர்மா போர்முனைக்கு அழைத்துப் போனார். டி.எஸ்.ஓ. பதக்கம் அதற்காகக் கிடைத்தது. மெட்ராஸ் பிரசிடென்சி பெயருள்ள ஸ்குவாட்ரனில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் தவித்தவர், நம் நாட்டுப் புதியவர்களுக்கு வாத்தியாராக வந்தார்.

1942: தீக்குச்சி வித்தை

பசிபிக் பக்கம் ஒரு நிமிடம் போய் வருவோம். ஜப்பானின் ஜீரோ விமானம் அமெரிக்காவின் வைல்ட்கேட்டை விட நன்றாக ஏறும், நன்றாகத் திரும்பும். ஒற்றைக்கு ஒற்றை நின்றால் வைல்ட்கேட் காலி. ஜான் தாச் என்ற கடற்படை விமானி 1941ல் இதைப் பற்றி வந்த தகவலைப் படித்துவிட்டு, வீட்டுச் சமையலறை மேஜையில் தீக்குச்சிகளை விமானமாக வைத்து இரவில் கணக்குப் போட்டார்.

கிடைத்த விடை: இரண்டு விமானங்கள் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பறக்க வேண்டும். ஒருவன் வாலில் எதிரி வந்தால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்ப வேண்டும். துரத்தி வருகிற எதிரி தானாகவே ஜோடியின் துப்பாக்கி முன்னால் வந்து நிற்பான். 1942 ஜூன் 4, மிட்வே சண்டையில் முதல் முறையாக நிஜத்தில் செய்து பார்த்தார்கள். வேலை செய்தது. மட்டமான விமானம் இரண்டு சேர்ந்து நல்ல விமானத்தைச் சமாளித்தது.

டிப்ஸ் ஆறு: வாலில் ஒருவன் வந்தால் தனியாக ஓடாதே, ஜோடியை நோக்கித் திரும்பு. இதற்கு ஜோடி கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அவன் அந்த நேரத்தில் வேறு "கில்" தேடிப் போயிருந்தால் தாச் வந்தாலும் காப்பாற்ற முடியாது.

1971: பாய்ரா

கடைசியாக நம் நாட்டுச் சண்டை. 1971 நவம்பர் 22. கிழக்கு பாகிஸ்தான் எல்லையில் பாய்ரா. பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் காலையிலிருந்தே வந்து தாக்கிவிட்டுப் போகின்றன. காலையில் நம் விமானங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள். மதியம் மூன்று மணி வாக்கில் ரேடாரில் மறுபடி தெரிந்ததும், கல்கத்தா டம்டம்மிலிருந்து 22ஆம் ஸ்குவாட்ரனின் நாலு நேட் விமானங்கள் கிளம்பின: மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ். தரையில் ரேடார் பார்த்துக்கொண்டு வழி சொன்னவர் பாக்ச்சி என்ற இளம் அதிகாரி.

நேட் மிகச் சின்ன விமானம், கண்ணில் படுவதே கஷ்டம். பாக்ச்சி சொன்ன வழியில் இரண்டு ஜோடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு ஜோடிக்கு முன்னாலேயே இரண்டு சேபர்கள் வந்து மாட்டின. சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. இரண்டு பாகிஸ்தான் விமானிகள் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார்கள். அதில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி 1997ல் அந்த நாட்டு விமானப்படைத் தளபதியே ஆனார்.

சுட்ட மூவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது. சோரஸ் கணக்கில் வெற்றி எதுவும் இல்லை. அவர் மாசியின் ஜோடி, வால் காக்கிற வேலை. பாக்ச்சி தரையை விட்டு எழும்பவே இல்லை. இந்த இரண்டு பேரை எடுத்துவிட்டால் அந்த வெற்றி மிஞ்சியிருக்குமா?

டிப்ஸ் ஏழு: பேசு. எதிரி எங்கே, எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று மூன்றே வார்த்தையில் சொல். விழுந்து அவுட் ஆனவன் சும்மா வேடிக்கை பார்க்காமல் பாக்ச்சி வேலையைச் செய்யலாம். ஸ்கோர்போர்டில் பெயர் வராது, மேட்ச் கைக்கு வரும்.

எட்டாவது டிப்ஸ், சீனியர்களுக்கு

மேலே உள்ள ஏழும் புதியவர்களுக்கு. இவ்வளவு படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, முக்கியமான டிப்ஸ் புதியவர்களுக்கு இல்லை என்பதுதான்.

போல்க்கே, மேனக், மெக்எல்ராய், டோ எல்லாரும் கெட்டிக்காரச் சண்டைக்காரர்கள். அவர்களைப் போலக் குறி பார்த்துச் சுடத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். இவர்கள் பக்கத்தில் வந்த புதியவனுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். எந்தப் பக்கம் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் பையன்கள் கொஞ்ச நாள் அதிகம் உயிரோடு இருந்தார்கள். இல்லாத இடத்தில் முதல் சண்டையிலேயே போனார்கள்.

இந்திய விமானப்படை இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத் தருகிற வாத்தியார்களை உருவாக்கவே தனியாக ஒரு பள்ளி நடத்துகிறது. எங்கே தெரியுமா? நம்ம தாம்பரத்தில், 1954லிருந்து. ஆம்பூரில் ரயில் ஏறினால் மூன்று நாலு மணி நேரத்தில் சென்னை, அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின்.

நம் ஊர் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் புதிதாகச் சேர்ந்தவனைப் பழைய ஆள் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். தோலை வெட்டும் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு "நூப்" என்று சிரித்தால் தோலும் வீண், கையும் வீண். முதலாளிக்கு நஷ்டம் என்பதால்தான் சொல்லித் தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், கணக்கு சரியான கணக்குதான்.

கேமில் யாரும் சாவதில்லை. அதனால்தான் திட்டுவது சுலபமாக இருக்கிறது. ஆனால் திட்டு வாங்கிய புதியவன் இரண்டு நாளில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் போய்விடுகிறான். டீமுக்கு ஒரு ஆள் குறைகிறது. அவன் பாப் டோவாக இருந்திருக்கலாம்.

அதனால் கேம் ஆடும் சீனியர் மக்களே, அடுத்த மேட்ச்சில் புதுப் பெயர் ஒன்று உங்கள் பக்கத்தில் தட்டுத் தடுமாறிப் பறந்தால், முதலில் "மேலே ஏறு, என் பின்னாலேயே வா" என்று சொல்லுங்கள். இரண்டே வரி. மீதியை அவன் கற்றுக்கொள்வான்.